கிரெனடா மனதைப் பறித்துவிட்டதா? திரும்பிப் போவதா, தங்கிப் பார்ப்பதா, வீடே வாங்குவதா

கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்கு முதல் தடவை போய்வந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியோடு திரும்புகிறார்கள்: "அங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?" கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் ஒரு வாரம் குளித்து, செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்தைச் சுற்றி நடந்து, கிராண்ட் எடாங் மலைக்காட்டு அருவியில் நனைந்து வந்தவருக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை. 344 சதுர கிலோமீட்டர்தான் மொத்த நாடும். கடல், காடு, ஏரி, ஜாதிக்காய்த் தோட்டம், கொக்கோ எஸ்டேட் எல்லாம் ஒரே நாளில் சுற்றி வந்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. எனக்கும் அந்தத் தீவின் மேல் தீராத பிரியம் உண்டு. அதனாலேயே இந்தக் கேள்விக்கு அவசரமில்லாமல் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் கேட்பவர்களுக்கு முன்னால் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கின்றன: இன்னொரு விடுமுறைக்குப் போவது, சில மாதங்கள் வாடகைக்கு இருந்து பார்ப்பது, வீடோ நிலமோ வாங்குவது, முதலீடு செய்து குடியுரிமையே பெறுவது, அல்லது கொஞ்சம் பொறுத்து வேறு ஒரு தீவையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பயணம் பெரும்பாலும் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில்தான் அமைகிறது. அப்போது மழை குறைவு, காற்று இதம். அதாவது, தீவின் வருடத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மீதிப் பாதியைப் பார்க்காமல் பெரிய பணத்தை அங்கே போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது பருவம். கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நீங்கள் எடுக்கும் முடிவு அந்த ஆறு மாதத்தையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மொத்தச் செலவு. விளம்பரத்தில் தெரியும் விலை இதில் ஒரு பகுதிதான். வரி, காப்பீடு, பராமரிப்பு, விமானக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: மனம் மாறினால் வெளியே வர எவ்வளவு ஆகும்? இரண்டு வருடத்தில் வேலை மாறலாம், பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகலாம், பிள்ளைகளின் படிப்பு குறுக்கே வரலாம். அப்போது கையைச் சுடாமல் விலக முடிய வேண்டும்.

அப்புறம் அன்றாட வாழ்க்கை: தண்ணீர், கரண்ட், பஸ், ஆஸ்பத்திரி. விடுமுறையில் இவை கண்ணில் படாது. கடைசியாகப் பயண வழி. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கிரெனடா போக முன்கூட்டி விசா வேண்டாம். கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. ஆனால் இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால் இறங்கி ஏறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழியாகப் போய், அங்கே விமான நிலையம் மாற வேண்டியிருந்தால் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கும் விசா உண்டு. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் "அடிக்கடி போய்வருவது" என்பது ஒரே செலவு அல்ல.

## இன்னொரு விடுமுறை, ஆனால் வேறு மாதத்தில்

எல்லா வழிகளிலும் இதுதான் மலிவு, இதிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் அதே ஹோட்டல், அதே பிப்ரவரி என்று போனால் பிரயோஜனம் இல்லை. செப்டம்பரிலோ அக்டோபரிலோ போங்கள். அறை வாடகை நன்றாகவே இறங்கியிருக்கும். சுற்றுலாக் கப்பல்கள் இல்லாததால் ஊர் தன்பாட்டுக்கு இருக்கும்.

கிராண்ட் ஆன்ஸ் இருக்கும் தெற்கை விட்டு வெளியே வாருங்கள். செயின்ட் ஜார்ஜஸ் பேருந்து நிலையத்தில் வடக்கே போகும் வேன்கள் ஆள் நிரம்பும் வரை நிற்கும். ஒரு வரிசையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று நடத்துநர் சொன்னால், இருக்கிறது என்றே அர்த்தம். எல்லோரும் ஒடுங்கி உட்காருவார்கள். ஏறியவுடன் எல்லோருக்கும் வணக்கம் சொல்வது மரியாதை. இறங்க வேண்டிய இடம் வந்தால் வேனின் உட்புறத்தை விரலால் தட்ட வேண்டும். மேற்குக் கரையோரம் வளைந்து வளைந்து போய் குவாவ் என்ற மீன்பிடி ஊரில் இறங்கினால், ஜாதிக்காய் பதப்படுத்தும் பழைய கட்டடம் இருக்கிறது. காய்ந்த கொட்டையின் ஓட்டை உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குவது தரமானது, சமையலுக்குப் போகும். மிதப்பதைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். அந்த வாசனை நாள் முழுக்கச் சட்டையில் இருக்கும்.

அங்கே போனால் சூறாவளியைப் பற்றிய பேச்சும் தானாக வரும். 2004 செப்டம்பர் 7 அன்று வந்த ஐவன் சூறாவளி தீவின் வீடுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சேதப்படுத்தியது. அதற்கு முன்பு ஜாதிக்காய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் கிரெனடாவுக்கு. பெரும்பாலான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. ஜாதிக்காய் மரம் காய்க்கத் தொடங்கவே ஐந்திலிருந்து எட்டு வருடம் ஆகும். முழு விளைச்சலுக்கு இன்னும் பல வருடம். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் நாட்டுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள்.

மறைமுகச் செலவு என்றால், செப்டம்பர், அக்டோபரில் பல ஹோட்டல்களும் உணவகங்களும் பராமரிப்புக்காக மூடியிருக்கும். விமானங்களும் குறையும். புயல் வந்தால் பயணம் தள்ளிப்போகும். பயணக் காப்பீடு கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கு இந்த வழியே போதும். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாமலே வாழ்நாள் முழுக்க ஒரு தீவை நேசிக்கலாம்.

## இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு

வீடு வாங்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வாடகைக்கு இருக்கும்போதுதான் தீவின் அன்றாடம் தெரியவரும்.

மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலில் தயாராவதால் கட்டணம் கடுமை. இரவெல்லாம் ஏசி போட்டுப் பழகியவருக்கு முதல் பில் அதிர்ச்சி தரும். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடும் உண்டு; 2024 மே மாதம் வறட்சியால் தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டு, பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அதனால் வாடகை வீட்டைப் பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்பதற்கு முன்பு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவு நேரத்திலும் பஸ் அரிது. அவசர சிகிச்சைக்குச் செயின்ட் ஜார்ஜஸில் பொது மருத்துவமனை இருக்கிறது; சிக்கலான கேஸ் என்றால் டிரினிடாட், பார்படோஸ் என்று வெளியே கொண்டு போக வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவரோ வயதான பெற்றோரை அழைத்துவர நினைப்பவரோ இதை முதல் வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கிழக்குக் கரையோரத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் கடல்பாசி. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கில் இருந்து மொத்தமாக மிதந்து வந்து கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம் அடிக்கும். அந்த வாயு ஏசி, ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் உலோகப் பாகங்களையும் அரிக்கும். ஜனவரியில் பார்த்த சுத்தமான கரை ஜூலையில் வேறு மாதிரி இருக்கலாம்.

வாடகையைப் பொறுத்தவரை, தென்முனையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் ஏராளமாக வருகிறார்கள். ட்ரூ ப்ளூ, கிராண்ட் ஆன்ஸ் பக்கம் வாடகை அவர்களை வைத்தே நிர்ணயமாகிறது. புதிய மாணவர்கள் சேரும் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் நல்ல வீடு கிடைப்பது கஷ்டம். கொஞ்சம் வடக்கே தள்ளிப் பார்த்தால் விலையும் குறையும், அக்கம்பக்கமும் கிடைக்கும். அக்கம்பக்கம் கிடைத்தால் ஆயில் டவுனும் கிடைக்கும். சீமைப்பலா, உப்பிட்ட இறைச்சி, மஞ்சள், தேங்காய்ப்பால், மேலே சேப்பங்கிழங்கு இலை என்று பெரிய பானையில் அடுக்கி, பால் வற்றி எண்ணெய் அடியில் இறங்கும் வரை வேகவிடும் தேசிய உணவு அது. உணவகத்தில் தட்டில் வருவதை விட, யாராவது வீட்டு முற்றத்தில் விறகடுப்பில் சமைத்துக் கூப்பிடுவதே அதன் சரியான வடிவம்.

எவ்வளவு நாள் இருக்கலாம் என்பது இமிகிரேஷன் முத்திரையைப் பொறுத்தது. சுற்றுலாப் பயணியாக வந்து உள்ளூரில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. லேப்டாப்பில் வெளிநாட்டு வேலை பார்ப்பவர், வருடக்கணக்கில் இருக்க விரும்பினால் அக்கம்பக்கத் தீவுகளையும் கணக்கில் எடுக்கலாம். பார்படோஸ் 2020இல் தொடங்கிய வெல்கம் ஸ்டாம்ப் திட்டம் 12 மாதம் தங்க அனுமதிக்கிறது. வருட வருமானம் 50,000 அமெரிக்க டாலர் வேண்டும், தனியாளுக்குக் கட்டணம் 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000. டொமினிக்காவின் திட்டம் 18 மாதம் தரும்.

பின்வாங்கும் செலவு? அதிகபட்சம் ஒரு மாத முன்பணம்.

## வீடோ நிலமோ வாங்குவது

கிரெனடாவில் வெளிநாட்டவர் சொத்து வாங்க அந்நியர் நில உரிமம் பெற வேண்டும். அதற்கான வரி சொத்து மதிப்பில் 10 சதவீதம். இதைப் பெரும்பாலோர் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். தெரியாதது அடுத்தது: விற்கும்போது உள்ளூர்க்காரர் 5 சதவீத சொத்துக் கைமாற்ற வரி கட்டும் இடத்தில், வெளிநாட்டவர் 15 சதவீதம் கட்ட வேண்டும். 3 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, சில வருடம் கழித்து அதே விலைக்கு விற்றால், 30,000 உள்ளே போகும்போதும் 45,000 வெளியே வரும்போதும் போய்விடும். மொத்தம் 75,000. வாங்கிய விலையில் கால்வாசி. வழக்கறிஞர் கட்டணமும் தரகும் தனி. விகிதங்கள் பட்ஜெட்டில் மாறக்கூடும் என்பதால் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லங்கம் பார்ப்பதையும் சாதாரணமாக எடுக்கக்கூடாது. கரீபியன் தீவுகளில் குடும்ப நிலம் என்ற வழக்கம் ஆழமாக இருக்கிறது. பாட்டன் விட்டுப்போன நிலம் பாகம் பிரிக்காமலே பேரன் பேத்திகளுக்கு வந்திருக்கும். அதில் சிலர் புரூக்ளினில் இருப்பார்கள், சிலர் லண்டனில். ஒரு பங்காளி விற்கச் சம்மதித்தார் என்பதற்காக நிலம் உங்களுடையதாகிவிடாது. விற்பவர் காட்டும் வழக்கறிஞரை விட்டு, உங்களுக்கென்று ஒருவரை வைத்துப் பத்திரங்களைத் தேடச் சொல்லுங்கள்.

இனி காப்பீடு. "கிரெனடா சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறது" என்று தரகர்கள் சொல்வார்கள். 1955இல் ஜேனட், அப்புறம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அமைதி. அந்த அமைதியில் பிறந்த நம்பிக்கை அது. 2004இல் ஐவன், அடுத்த வருடமே எமிலி. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைச் சூறாவளியாகக் கரியாக்கூ தீவில் கரையேறி, அங்கிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டது. கரியாக்கூ கிரெனடா நாட்டின் ஒரு பகுதிதான். அதனால் சூறாவளிக் காப்பீடு இல்லாமல் வீடு வைத்திருப்பதை நினைக்கவே கூடாது. பிரீமியத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். சேதம் வந்தால் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை பொதுவாகக் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படும், அது பெரிய தொகை. நான்கு பக்கமும் சரியும் கூரை, கூரைக் கட்டைகளைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டை, ஜன்னலுக்குப் புயல் கதவு, இந்த மூன்றும் இருக்கிற வீடு கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

அதோடு உப்புக்காற்று. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கதவுக் கீல், கிரில், ஏசி எல்லாம் துருப்பிடிக்கும். கறையான் வேறு. ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். இல்லாத நாளில் வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. எல்லோரும் வர விரும்பும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நீங்களும் அங்கே இருக்க விரும்புவீர்கள்.

இந்தியாவில் வசிப்பவருக்கு இன்னொரு வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். வெளிநாட்டுச் சொத்து வாங்குவதும் அதற்குள்தான். வீட்டு விலையோடு 10 சதவீத வரியையும் சேர்த்தே அந்த வரம்புக்குள் அடக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது சரி என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. வருடத்தில் நான்கைந்து மாதம் அங்கேயே இருக்கப் போகிறவர், பத்து வருடத்துக்காவது விற்கத் தேவைப்படாதவர், மழைக்காலத்தையும் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர். ஓய்வு பெற்றுக் குளிர்நாட்டில் இருந்து வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தாரோடு கலந்து, நிம்மதியாகவே இருக்கிறார்கள்.

## முதலீட்டுக்குக் குடியுரிமை

தீவு பிடித்திருக்கிறது என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். 2024இல் கிரெனடா உட்படக் கிழக்குக் கரீபியன் நாடுகள் சேர்ந்து குறைந்தபட்ச முதலீட்டை 2 லட்சம் டாலராக உயர்த்தின, கட்டணங்கள் தனி. இந்தியக் குடிமகன் வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இது தொழிலுக்காகவும் பயண வசதிக்காகவும் எடுக்கும் முடிவு. கடற்கரையில் காலை நடை போக இது தேவையே இல்லை.

## வேறு ஒரு தீவையும் பார்த்துவிட்டு

முதல் தீவைப் பிடித்துப்போகும்போது, நமக்குப் பிடித்தது கிரெனடாவா, பொதுவாகக் கரீபியனா என்று தெரியாது. இரண்டாவது தீவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காடும் அருவியும் பிடித்திருந்தால் டொமினிக்கா. கொதிக்கும் ஏரிக்கு ஒரு நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். வெள்ளை மணல் எதிர்பார்க்கக் கூடாது. 2017இல் மரியா சூறாவளி அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். கடற்கரையும் வசதியும் முக்கியம் என்றால் பார்படோஸ்: விமானங்கள் அதிகம், மலை இல்லை, விலை கூடுதல். அமைதி வேண்டும், சூறாவளிப் பயம் குறைவாக வேண்டும் என்றால் டொபேகோ. அங்கேயும் 1963இல் ஃப்ளோரா வந்து தோட்டங்களை அழித்தது, ஆனாலும் ஒப்பிட்டால் அபாயம் குறைவு. மெயின் ரிட்ஜ் காடு 1776 முதல் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தமிழர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியது குவாதலூப். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் வழிபாடு நடக்கிறது. கொலம்போ என்ற மசாலாக் குழம்பு தீவு முழுக்கச் சாப்பிடும் உணவாகிவிட்டது. ஆனால் அது பிரான்சின் பகுதி. ஐரோப்பாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் குறிப்பு இருக்க வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு தீவுக்குத் தீவு விமானம். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும், டிக்கெட் விலை அப்படி இருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | கண்ணுக்குத் தெரியாத செலவு | பின்வாங்க | யாருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|
| மறுபடி விடுமுறை | மூடிய கடைகள், புயல் தாமதம் | செலவே இல்லை | குறைந்த விடுப்பு உள்ளவர் |
| மாதக்கணக்கில் வாடகை | மின்கட்டணம், கார், மருத்துவம் | முன்பணம் மட்டும் | வாங்கும் எண்ணம் உள்ள எல்லோரும் |
| வீடு, நிலம் | 10 + 15 சதவீத வரி, காப்பீடு, துரு | மிகக் கடினம் | பல மாதம் தங்குபவர், நீண்டகால நோக்கு |
| குடியுரிமை | இந்தியக் குடியுரிமை இழப்பு | ஏறத்தாழ முடியாது | தொழில் காரணம் உள்ளவர் |
| இன்னொரு தீவு | தீவுக்குத் தீவு விமானக் கட்டணம் | செலவே இல்லை | மனம் ஊசலாடுபவர் |

## மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு

முழுச் செப்டம்பருக்குத் துணிச்சல் இல்லை என்றால் நவம்பர் நடுவில் போங்கள். மழை இருக்கும், புயல் வாய்ப்பு குறைந்திருக்கும், மலைப்பாதைகளின் சேறும் தெரியும். ஆகஸ்ட் மாதம் ஸ்பைஸ்மாஸ் திருவிழா நடக்கும்; தீவின் கொண்டாட்டத்தைப் பார்க்க அதுவே சிறந்த நேரம், ஆனால் அறை விலை ஏறியிருக்கும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எப்போது போனாலும் வாங்க நினைக்கும் வீட்டைக் கனமழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். அணுகு சாலை இருக்கிறதா, மேட்டு மண் சரிந்திருக்கிறதா, உட்கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகச் செல்லாது.